பாட்டெழுதிப் பிழைக்கப் பார்த்த ஸ்டீஃபன் ஃபாஸ்டர்

1851-ல் நியூயார்க்கின் ஃபர்த், பாண்ட் பதிப்பகம் 25 சென்ட் விலையில் ஓர் இசைத்தாளை (ஒரு பாட்டின் சொல்லும் சுரமும் அச்சிட்ட தாள்) வெளியிட்டது. பாட்டின் பெயர் ‘ஓல்டு ஃபோக்ஸ் அட் ஹோம்’. எழுதி இசையமைத்தவர் ஈ. பி. கிறிஸ்டி என்று அட்டையில் போட்டிருந்தார்கள். கிறிஸ்டி அதில் ஒரு வரி எழுதவில்லை, ஒரு சுரம் போடவில்லை. அவர் ஒரு மேடைக் குழுவின் முதலாளி. பாட்டை எழுதியவர் பிட்ஸ்பர்க்கில் இருந்த 25 வயது ஸ்டீஃபன் காலின்ஸ் ஃபாஸ்டர். ஆசிரியர் என்ற இடத்தில் பெயர் போட்டுக்கொள்ளும் உரிமையை அவர் 15 டாலருக்குக் கிறிஸ்டிக்கு விற்றிருந்தார்.

அந்தப் பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. அச்சு இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருந்தும் கேட்பவர்களுக்குக் கொடுத்து மாளவில்லை என்று அடுத்த ஆண்டு பதிப்பாளர்களே பெருமையடித்துக்கொண்டார்கள். ஃபாஸ்டர் பெயரைத் திரும்பக் கேட்டார். கிறிஸ்டி தரவில்லை. 1879-ல் பதிப்புரிமையைப் புதுப்பித்த பிறகுதான் உண்மையான ஆசிரியரின் பெயர் அந்தப் பாட்டில் ஏறியது. அப்போது ஃபாஸ்டர் இறந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஃபாஸ்டரின் கதையைப் பொதுவாக இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். குடித்துக் குடித்து வறுமையில் செத்த மேதை என்பது ஒன்று. கறுப்பின மக்களைக் கேலி செய்யும் மேடைக்குப் பாட்டெழுதிக் கொடுத்தவர் என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே ஒரு கேள்வியைக் கேட்காமல் தாண்டிப் போய்விடுகின்றன. ஒலிப்பதிவும் வானொலியும் இல்லாத காலத்தில் ஒரு பாட்டு எப்படி ஊர் ஊராகப் போனது, போன இடத்திலிருந்து காசு எந்த வழியாகத் திரும்பி வந்தது? இதைத் தெரிந்துகொண்டால்தான் அவர் ஏன் கிறிஸ்டியிடம் போனார், ஏன் அந்த மேடைக்கு எழுதினார், ஏன் கடைசியில் உடைந்துபோனார் என்பது விளங்கும்.

ஃபாஸ்டர் பிறந்தது 1826 ஜூலை 4. அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் 50-ஆம் ஆண்டு நிறைவு நாள். ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெஃபர்சன் இருவரும் இறந்த நாளும் அதுவே. ஊர், பிட்ஸ்பர்க்கை ஒட்டியிருந்த லாரன்ஸ்வில். அப்பா வில்லியம் வணிகர். நன்றாக வாழ்ந்து பிறகு நொடித்துப்போன குடும்பம். ஸ்டீஃபன் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே சொந்த வீடு கைவிட்டுப் போனது. படிப்பில் அவருக்கு நாட்டம் இல்லை, கல்லூரியில் சில நாட்களுக்கு மேல் தங்கவில்லை. பிட்ஸ்பர்க்கில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த, ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஹென்றி கிளேபர் அவருக்கு இசையில் வழிகாட்டியாக இருந்தார். முதல் பாட்டு 1844-ல் ஃபிலடெல்ஃபியாவில் அச்சானபோது ஃபாஸ்டருக்கு வயது 18.

1846 வாக்கில் சின்சினாட்டிக்கு அனுப்பினார்கள். அங்கே அண்ணன் டன்னிங் பங்குதாரராக இருந்த நீராவிப்படகு முகவர் அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலை. ஓஹியோ ஆற்றுத் துறை அது. அடிமை முறை இருந்த தெற்கு மாநிலங்களிலிருந்து வரும் சரக்கும் படகுத் தொழிலாளர்களும் அவர்களுடைய பாட்டும் வந்திறங்கும் இடம். தெற்கைப் பற்றிப் பிறகு எழுதிக் குவித்த ஃபாஸ்டர் பெரும்பாலும் இப்படி ஓரத்தில் நின்று பார்த்தவர்தான். 1852-ல் நியூ ஆர்லியன்ஸ் வரை ஒருமுறை படகில் போய்வந்ததைத் தவிர அந்தப் பக்கம் அவருக்குப் பழக்கம் இல்லை.

‘ஓ! சுசன்னா’ இந்தக் குமாஸ்தா நாட்களில் பிறந்தது. 1847 செப்டம்பர் 11 அன்று பிட்ஸ்பர்க்கில் ஓர் ஐஸ்கிரீம் கடையோடு சேர்ந்த அரங்கில் அது முதன்முதலாகப் பாடப்பட்டது. ஃபாஸ்டர் அதன் கைப்பிரதிகளை மேடைக் குழுக்காரர்களுக்குத் தாராளமாகக் கொடுத்தார். பாடினால் பரவும் என்ற எண்ணம். பரவத்தான் செய்தது. 1848-ல் நியூயார்க் பதிப்பாளர் ஒருவர் அதை அச்சிட்டார். பிறகு ஆளாளுக்கு அச்சிட்டார்கள். 3 ஆண்டுகளுக்குள் 20 பதிப்புகளாவது வந்திருக்கும். பலவற்றில் ஃபாஸ்டரின் பெயரே கிடையாது. 1849-ல் தங்கம் தேடிக் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பிய கூட்டம், பேஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வரும் இடத்தில் மணல் அலசும் சட்டியைப் போட்டு மாற்றிப் பாடிக்கொண்டே போனது. ஃபாஸ்டருக்குக் கிடைத்தது 100 டாலர்.

அவர் அந்த 100 டாலரைப் பார்த்து மலைத்துப்போனார் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு 50 டாலர் நோட்டுகள் கைக்கு வந்ததுதான் பாட்டெழுதுவதையே தொழிலாக எடுத்துக்கொள்ளத் தன்னைத் தூண்டியது என்று பின்னால் சொன்னார். அதற்கு முன் அமெரிக்காவில் பாட்டெழுதியவர்கள் பாடகர்களாகவோ, வாத்தியார்களாகவோ, கடைக்காரர்களாகவோ இருந்தார்கள். எழுதிய பாட்டை விற்றே குடும்பம் நடத்துவது என்பது ஒரு பிழைப்பாக அப்போது உருவாகவே இல்லை. ஃபாஸ்டர் அதை முயன்று பார்த்தார்.

அந்தப் பாட்டுகளில் அப்படி என்ன இருந்தது? ‘ஓல்டு ஃபோக்ஸ் அட் ஹோம்’ முதல் வரியை நம் சுரத்தில் சொன்னால் இப்படி வரும்: க நீண்டு நிற்கும், பிறகு ரி ச க ரி என்று இறங்கி ச-வில் வந்து நிற்கும், அங்கிருந்து ஒரே தாவாக மேல் ச-வுக்கு எழும்பும். அந்தத் தாவல் விழுவது ‘ஸ்வானீ’ என்ற ஆற்றின் பெயரில். பிறகு மேலேயிருந்து த, ப, க என்று ‘தூரத்தில், வெகு தூரத்தில்’ என்ற சொற்களோடு கீழே இறங்கிவிடும். ஊரை நினைத்து ஏங்குபவன் ஆற்றின் பெயரைச் சொல்லும்போது குரல் உயர்ந்து அப்படியே தளர்கிறது. சரணம் முழுக்க ச ரி க ப த, இந்த ஐந்தே சுரங்கள்தான். மோகனத்தின் சுரங்கள் (ராகமாக அல்ல, சுரங்களாக மட்டும்). எல்லோரும் சேர்ந்து பாடும் பகுதி வந்ததும் ம-வும் நி-யும் முதன்முறையாக நுழைகின்றன, பாட்டு விரிகிறது. ‘ஓ! சுசன்னா’விலும் இதே கட்டுமானம்: சரணம் ஐந்து சுரங்களில் போகும், சுசன்னாவைக் கூப்பிடும் இடம் ம-வில் தொடங்கும். ஒருமுறை கேட்டவர் மறுமுறை கூடவே பாடிவிடலாம். பியானோ துணையிசையையும் வீட்டில் அரைகுறையாகப் பழகும் பெண்பிள்ளைகள் வாசிக்கும் அளவுக்கே எழுதினார். எளிதாக இருக்கிறதே என்று இதை மட்டமாக நினைத்துவிடக் கூடாது. அவர் 1851 முதல் 1860 வரை வைத்திருந்த கையெழுத்து நோட்டு இன்றும் பிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. அதைப் பார்த்தால் ஒரே வரியை அடித்து, மாற்றி, மறுபடி அடித்து எழுதியிருப்பது தெரியும். ஸ்வானீ ஆறுகூட அதில் முதலில் பீடீ ஆறுதான். பீடீ தென் கரோலினாவில் இருக்கிறது. காதுக்கு அது சரிப்படாமல் அண்ணன் மாரிசனோடு வரைபடத்தைத் துழாவி ஃபுளோரிடாவின் ஸுவானீயைப் பிடித்து, ஓரசையைச் சுருக்கிக்கொண்டார்கள். ஃபாஸ்டர் ஃபுளோரிடாவைப் பார்த்ததே இல்லை.

சரி, இப்போது காசுக்கு வருவோம். 1831-ல் திருத்திய அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் இசைப் படைப்புகளையும் பாதுகாத்தது; முதலில் 28 ஆண்டு, புதுப்பித்தால் இன்னும் 14 ஆண்டு. ஆனால் பாதுகாப்பு அச்சடிப்பதற்கு மட்டும்தான். மேடையில் யாரும் பாடலாம், எத்தனை முறையும் பாடலாம், டிக்கெட் போட்டும் பாடலாம், எழுதியவருக்கு ஒரு சென்ட்கூடத் தர வேண்டியதில்லை. இசையைப் பொது இடத்தில் நிகழ்த்தும் உரிமை அமெரிக்கச் சட்டத்தில் வந்தது 1897-ல். வெளிநாட்டுப் பதிப்புகளும் அப்படித்தான். லண்டனில் ஃபாஸ்டரின் பாட்டுகளை யார் வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கலாம். நாடுகளுக்கிடையே பதிப்புரிமை என்ற ஏற்பாட்டுக்குள் அமெரிக்கா வந்தது 1891-ல்தான்.

ஆக, காசு வர ஒரே ஒரு வாசல்: அச்சிட்ட தாள். அந்தத் தாளை ஜனங்கள் கடையில் கேட்டு வாங்க வேண்டுமானால் முதலில் பாட்டு காதில் விழ வேண்டும். காதில் விழவைக்கும் ஆற்றல் அன்று மின்ஸ்ட்ரல் மேடைகளிடம்தான் இருந்தது. ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் பாடும் குழுக்கள் அவை. கிறிஸ்டியின் குழு அவற்றில் முன்வரிசை. மேடையில் பாடுவதற்குப் பணம் கிடைக்காது, ஆனால் மேடை இல்லாமல் தாள் விற்காது. அட்டையில் ‘கிறிஸ்டி குழு பாடியது’ என்று இருந்தால்தான் விற்பனை. ஃபாஸ்டர் அந்த 15 டாலர் பேரத்துக்கு இணங்கியதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க முடிகிறது. பெயரை மறைத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவரே எழுதியிருக்கிறார்.

1852 மே 25 தேதியிட்ட கடிதம் அது. அன்று வியாபாரத்தில் மின்ஸ்ட்ரல் மேடைப் பாட்டுகளை ‘எத்தியோப்பியப் பாட்டுகள்’ என்பார்கள். அவற்றின் மேல் சிலருக்கு இருக்கும் வெறுப்பு தன் மற்ற பாட்டுகளின் மதிப்பைக் கெடுத்துவிடுமோ என்று பயந்து பெயரை விட்டுவிட நினைத்திருந்ததாகக் கிறிஸ்டிக்கு எழுதுகிறார். ஆனால் அந்த வகையின் சில பாட்டுகளில் இருந்த குப்பையான, புண்படுத்தும் சொற்களுக்குப் பதிலாக நாகரிகமான சொற்களைப் போட்டதால் நல்ல குடும்பத்தினரிடையேயும் இவற்றுக்கு ரசிகர்கள் சேர்ந்திருக்கிறார்கள்; அதனால் இனி அச்சமோ வெட்கமோ இல்லாமல் சொந்தப் பெயரிலேயே எழுதப்போகிறேன் என்று முடிவைச் சொல்கிறார். தொழிலில் நிமிர்ந்து நிற்கப் பார்த்த ஓர் இளைஞனின் கடிதம். பதில் சாதகமாக வரவில்லை.

அந்த வெறுப்புக்குக் காரணம் இருந்தது. மின்ஸ்ட்ரல் என்பது வெள்ளைக்கார நடிகர்கள் தக்கையைச் சுட்ட கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பின மக்களை அசடுகளாகவும் சோம்பேறிகளாகவும் நடித்துச் சிரிக்கவைத்த கலை. பேஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து இழுத்து வரப்பட்டவர்களின் வாத்தியம். அதையும் அவர்களின் தாளத்தையும் எடுத்துக்கொண்டு அவர்களையே கேலி செய்தார்கள். ஃபாஸ்டரின் ஆரம்பப் பாட்டுகளும் இதற்கு விலக்கல்ல. இன்று குழந்தைகள் பாடும் ‘ஓ! சுசன்னா’வில் விட்டுவிடும் ஒரு சரணத்தில் 500 கறுப்பினத்தவர் மின்சாரத்தால் சாவது வேடிக்கையாக வரும், அவர்களைக் குறிக்க மிக இழிவான சொல்லோடு. இதைக் காலத்தின் பழக்கம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்திலும் அந்தச் சொல் யாரைக் குத்தியதோ அவர்கள் இருந்தார்கள்.

ஆனால் அவர் அங்கேயே நிற்கவில்லை. 1849-ல் வந்த ‘நெல்லி வாஸ் எ லேடி’யில் ஒரு கறுப்பினப் படகுத் தொழிலாளி இறந்துபோன மனைவியை நினைத்து அழுகிறான், அவளை ‘லேடி’ என்கிறான். சீமாட்டி என்ற மரியாதையெல்லாம் வெள்ளைக்காரப் பெண்களுக்கு மட்டும் என்றிருந்த நாட்டில், அதுவும் கரி பூசிய மேடையில், இது சின்ன விஷயம் இல்லை. 1853-ல் ‘மை ஓல்டு கென்டக்கி ஹோம்’. அதன் முதல் வரைவு நோட்டில் ‘பாவம் அங்கிள் டாம், விடைபெறுகிறேன்’ என்ற பொருளில் இருக்கிறது. அடிமை முறைக்கு எதிராக ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் எழுதிய நாவல் அதற்கு முந்தைய ஆண்டுதான் வெளியாகியிருந்தது. கடைசியில் டாமின் பெயரை எடுத்துவிட்டார். கதை அப்படியே இருக்கிறது: கென்டக்கியிலிருந்து ஆற்று வழியாகக் கரும்புக் காட்டுக்கு விற்கப்பட்டவன், இன்னும் சில நாள்தான் இந்தச் சுமை என்று முதுகு வளைந்து நடக்கிறான். இன்று கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தில் கூட்டம் எழுந்து நின்று முதல் சரணத்தை மட்டும் பாடுகிறது. அதோடு நிறுத்தினால் சொந்த ஊர் ஏக்கமாகத்தான் கேட்கும். கரும்புக் காடு மூன்றாம் சரணத்தில்தான் வருகிறது.

அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து பெரும் பேச்சாளராக உயர்ந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1855-ல் ஓர் உரையில் இந்தப் பாட்டையும் ஃபாஸ்டரின் இன்னொரு பாட்டான ‘அங்கிள் நெட்’டையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். இவை அடிமைகள் மேல் இரக்கத்தை எழுப்புகின்றன, அடிமை எதிர்ப்பு உணர்வு அதில்தான் வேர்விடுகிறது என்றார். கரி பூசிய நடிகர்களை வேறிடத்தில் கடுமையாகத் திட்டியவர் அவர். அவர் வாயிலிருந்து வந்த இந்தச் சொற்களுக்கு எடை அதிகம். ஆனால் இதை வைத்து ஃபாஸ்டரை அடிமை எதிர்ப்புப் போராளியாக்கவும் முடியாது. அவர் குடும்பம், அன்று அடிமை முறைக்கு இடம்கொடுத்த ஜனநாயகக் கட்சிக் குடும்பம். அக்காவை மணந்தவர், பின்னர் ஜனாதிபதியான ஜேம்ஸ் புகானனின் தம்பி. 1856 தேர்தலில் புகானனுக்கு ஆதரவாக ஃபாஸ்டர் பிரசாரப் பாட்டு எழுதினார். அதே மனிதருக்கு சார்ல்ஸ் ஷிராஸ் என்ற தீவிர அடிமை எதிர்ப்புக் கவிஞர் நெருங்கிய நண்பர். மனதால் இரங்கினார், அரசியலில் குடும்பத்தோடு போனார் என்றுதான் எனக்குப் படுகிறது.

1850-ல் பிட்ஸ்பர்க் திரும்பி ஜேன் மெக்டவலை மணந்தார். அடுத்த ஆண்டு மகள் மரியன். அப்போது கையில் ஃபர்த், பாண்டோடு போட்ட ஒப்பந்தம் இருந்தது: விற்கும் ஒவ்வொரு தாளுக்கும் 2 சென்ட். மொத்தமாக ஒரு தொகை கொடுத்து முடித்துவிடுவதே வழக்கமாக இருந்த காலத்தில் ராயல்டி வாங்கியது பெரிய சாதனை. அப்புறம் விகிதம் கொஞ்சம் கூடவும் செய்தது. பாட்டெழுதிச் சம்பாதித்த ஆண்டுகளில் மொத்தம் சுமார் 15,000 டாலர் ராயல்டி கிடைத்திருக்கிறது. ஒரு குமாஸ்தாவின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் கௌரவமான வருமானம். அவரைத் தொடக்கம் முதல் பிச்சைக்காரராகச் சித்திரிப்பது தவறு.

பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. வருமானத்துக்கு மேல் செலவு, பதிப்பாளரிடம் முன்பணம், அதைத் தீர்க்க இன்னொரு முன்பணம். 1857-ல் பழைய குமாஸ்தாவின் பழக்கத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டும் அதுவரை கொடுத்தது எவ்வளவு, இனி எவ்வளவு கொடுக்கும் என்று பட்டியல் போட்டார். ‘ஓல்டு ஃபோக்ஸ் அட் ஹோம்’ 1,647 டாலர் தந்திருந்தது. மனைவியை நினைத்து எழுதியதாகச் சொல்லப்படும் ‘ஜீனி வித் த லைட் பிரவுன் ஹேர்’ 217 டாலர். கணக்கை முடித்து, அத்தனை பாட்டுகளின் எதிர்கால வருமானத்தையும் சுமார் 1,900 டாலருக்கு விற்றுவிட்டார். 1860-ல் மறுபடி அதே மாதிரி ஒரு விற்பனை. அதில் பெரும்பகுதி ஏற்கெனவே வாங்கிய முன்பணத்துக்கே சரியாகப் போனது. இடையில் பெற்றோர் இருவரும் 1855-லும் அண்ணன் டன்னிங் 1856-லும் இறந்திருந்தார்கள். அவர் சாய்ந்துகொள்ள இருந்த தோள்கள் அவை.

1860-ல் நியூயார்க் போனார். மறு ஆண்டு உள்நாட்டுப் போர், தெற்குச் சந்தை மூடிக்கொண்டது. ஜேனும் மரியனும் அவரை விட்டுப் பென்சில்வேனியாவுக்குத் திரும்பினார்கள். ஜேன் ரயில்வேயில் தந்தி அனுப்பும் வேலை பார்த்துக் குழந்தையை வளர்த்தார். ராயல்டி ஒப்பந்தம் போய்விட்டது. இனி எழுதிய கையோடு சில டாலருக்கு விற்க வேண்டியதுதான். ஜார்ஜ் கூப்பர் என்ற இளைஞர் சொல் எழுத, ஃபாஸ்டர் மெட்டுப் போட, மை காய்வதற்குள் பதிப்பாளரிடம் கொண்டுபோனார்கள். கடைசி 4 ஆண்டுகளில் சுமார் 100 பாட்டுகள். ஒரு வரிக்காகப் பக்கம் பக்கமாக அடித்து எழுதியவர் இப்படி ஆனார். குடியும் சேர்ந்தது. குடியால் பாட்டு கெட்டதா, பாட்டுத் தொழில் கெட்டதால் குடி கூடியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் எல்லாப் பழியையும் பாட்டிலின் மேல் போடுவது நியாயம் இல்லை என்றே நினைக்கிறேன்.

1864 ஜனவரியில் பௌரி பகுதியின் மலிவான ஹோட்டல் ஒன்றில் காய்ச்சலோடு இருந்தவர் எழுந்தபோது விழுந்து, முகம் கழுவும் பீங்கான் கிண்ணம் உடைந்து கழுத்தில் ஆழமாக வெட்டியது. கூப்பர் பெல்வியூ மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். ஜனவரி 13-ல் இறந்தார், வயது 37. பையில் 38 சென்ட் இருந்தது. கூடவே ‘அன்பு நண்பர்களே, மென்மையான இதயங்களே’ என்று பென்சிலில் எழுதிய ஒரு துண்டுத்தாள். அடுத்து எழுத நினைத்த பாட்டின் முதல் வரியாக இருக்கலாம். சில மாதங்களில் ‘பியூட்டிஃபுல் ட்ரீமர்’ வெளியானது. இறப்பதற்குச் சில நாள் முன்பு எழுதிய கடைசிப் பாட்டு என்று விளம்பரம் செய்தார்கள். உண்மையில் அது அதற்கு முன்பே எழுதி முடித்தது.

200-க்கு மேற்பட்ட பாட்டுகள் பின்னால் நின்றன. அவற்றோடு வாதமும் நின்றது. கென்டக்கி 1928-ல் ‘மை ஓல்டு கென்டக்கி ஹோம்’ பாட்டையும் ஃபுளோரிடா 1935-ல் ‘ஓல்டு ஃபோக்ஸ் அட் ஹோம்’ பாட்டையும் மாநிலப் பாடலாக்கின. 1986-ல் கென்டக்கி சட்டமன்றத்துக்கு வந்த ஜப்பானிய மாணவர்கள் மரியாதைக்காகப் பழைய சொற்களோடு கென்டக்கிப் பாட்டைப் பாடினார்கள். ஜப்பானியப் பள்ளிகளில் ஃபாஸ்டர் வெகுகாலமாகப் பாடத்தில் இருப்பவர். அதில் கறுப்பினத்தவரைக் குறிக்கும் இழிசொல்லின் கனம் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவையில் இருந்த கறுப்பின உறுப்பினர் கார்ல் ஹைன்ஸ் தீர்மானம் கொண்டுவந்து அச்சொல்லை ‘மக்கள்’ என்று மாற்றவைத்தார். ஃபுளோரிடா 2008-ல் தன் பாட்டைத் திருத்தியது. பிட்ஸ்பர்க்கில் 1900-ல் வைத்த சிலையில் ஃபாஸ்டர் மேலே உட்கார்ந்து குறிப்பெடுக்க, காலடியில் கிழிந்த உடையும் வெறுங்காலுமாக ஒரு கறுப்பினப் பேஞ்சோக்காரர் இருந்தார். 2018 ஏப்ரலில் அதை அகற்றினார்கள். சரியான முடிவு என்பேன். பாட்டைத் திருத்திப் பாடலாம், சரணத்தை விட்டுப் பாடலாம், முழுதாகப் பாடி விளக்கவும் செய்யலாம்; வெண்கலச் சிலையில் அப்படி எதுவும் செய்ய முடியாது.

காசின் கதைக்கும் ஒரு பின்பகுதி உண்டு. 1897-ல் நிகழ்த்தும் உரிமை சட்டமானது. அதை வசூலிக்க 1914-ல் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் பதிப்பாளர்களும் சேர்ந்து ‘ஆஸ்காப்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். ஹோட்டலில் வாசித்தாலும் வானொலியில் ஒலித்தாலும் எழுதியவருக்குப் பங்கு. ஃபாஸ்டருக்கு இல்லாமல் போன இரண்டாவது வாசல் இதுதான். 1941-ல் கட்டணத் தகராறில் அமெரிக்க வானொலி நிலையங்கள் ஆஸ்காப் பாட்டுகளை மாதக்கணக்கில் ஒதுக்கிவைத்தன. ஒலிபரப்ப ஏதாவது வேண்டுமே? பதிப்புரிமை காலாவதியான, யாருக்கும் பணம் தர வேண்டாத பழைய பாட்டுகளைத் தேடிப்போனார்கள். அந்த மாதங்களில் நாடு முழுக்க ஓயாமல் ஒலித்தவற்றில் ஒன்று 217 டாலர் சம்பாதித்த அந்த ‘ஜீனி’.